மேச்சேரி ஆட்டை ஒட்டகமாகப் பழக்க முடியுமா?

மேச்சேரிப் பக்கம் முப்பது செம்மறி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "ஒட்டகம் நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் நடக்கிறதே, திமிலில் தண்ணீர் வைத்திருப்பதால்தானா? அங்கே இருக்கிற எலி, பல்லி, பறவை எல்லாம் எப்படிப் பிழைக்கின்றன? எங்கள் போர்வெல் சித்திரை பிறந்தால் வெறும் காற்றுதான் விடுகிறது. ஆடுகளுக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கினால், பாலைவன விலங்கு மாதிரி அவையும் பழகிவிடாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழகாது. தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள், தம்பி. சேலத்தில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை இந்தக் கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. வெறுமனே "பழகாது" என்றால் யாருக்கும் மனம் ஒப்பாது என்பது அனுபவத்தில் தெரியும். அதனால் ஒட்டகத்திலிருந்தே தொடங்கி முழுதாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் உள்ளே இருப்பது குளிர்கிறது. நமக்கு வியர்ப்பதும் இதே வேலைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகிறது. மிக நல்ல ஏற்பாடு, ஆனால் செலவு பிடித்த ஏற்பாடு. கடும் வெயிலில் வேலை செய்யும் மனிதனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். பானையில் தண்ணீர் இருக்கும் வரைதான் குளிர்ச்சி. பாலைவன விலங்கின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் இருக்கிறது: குளிர வேண்டுமானால் தண்ணீர் செலவழிக்க வேண்டும், செலவழிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே அங்கே பிழைத்திருக்கும் உயிர்கள் எல்லாம் வெயிலைத் தாங்கும் வீரர்கள் என்று நினைப்பது சரியில்லை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பவை என்று சொல்வதுதான் பொருத்தம்.

சரி, ஒட்டகம். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. நல்ல ஊட்டமான ஒட்டகத்தின் திமிலில் 30 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். "கொழுப்பு எரிந்தால் தண்ணீர் வருமே" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். வரும். ஒரு கிலோ கொழுப்பு உடலில் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் உண்டாகிறது. ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு விட வேண்டும், வறண்ட காற்றில் விடும் ஒவ்வொரு மூச்சோடும் உடலின் ஈரம் வெளியேறும். கூட்டிக் கழித்தால் தண்ணீரில் லாபம் ஏதுமில்லை. திமில் ஒட்டகத்தின் சோற்று மூட்டை, தண்ணீர்க் குடம் அன்று. அது ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் இன்னொரு நன்மை உண்டு. கொழுப்பு உடல் முழுவதும் தோலுக்கடியில் பரவியிருந்தால் கம்பளி போர்த்தியது போல் உள் வெப்பம் வெளியேறாமல் அடைபட்டுக் கிடக்கும். முதுகில் மட்டும் குவித்துவிட்டதால் மற்ற இடங்கள் வழியே வெப்பம் எளிதாக வெளியேறுகிறது.

ஒட்டகத்தின் ரகசியத்தை முறையாக அளந்து பார்த்தவர் க்னூட் ஷ்மிட்-நீல்சன். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1953-54இல் மனைவி போடிலோடு அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் என்ற சகாராச் சிற்றூருக்குப் போய்த் தங்கி ஒட்டகங்களை நிறுத்து, வெப்பம் பார்த்து, சிறுநீர் அளந்து ஆராய்ந்தார். அவர் கண்டதில் எனக்கு மிகப் பிடித்தது உடல் வெப்பக் கதை. நமக்கு உடல் சூடு ஒரு டிகிரி கூடினாலே காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். தண்ணீர் கிடைக்காத ஒட்டகமோ விடியற்காலையில் 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது, பிற்பகலில் 40 டிகிரியைத் தாண்டும் வரை வியர்க்காமல் விட்டுவிடுகிறது. உங்கள் வீட்டு மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடுகிறதே, அதே போலத்தான். இரவில் பாலைவனம் நன்றாகக் குளிரும், அந்தக் குளிரில் ஒட்டகம் ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லாமல் தன் சூட்டை இறக்கிவிடுகிறது.

இதில் எவ்வளவு மிச்சம் என்று நாமே கணக்குப் போடலாம். 500 கிலோ எடையுள்ள ஒட்டகத்தின் உடல் 6 டிகிரி சூடேற ஏறத்தாழ 2,500 கிலோகலோரி வேண்டும். அந்த வெப்பத்தை வியர்த்து வெளியேற்றியிருந்தால் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் போயிருக்கும். ஒரு நாளைக்கு 4 லிட்டர்! தவிர, உடல் சூடாக இருக்கும்போது வெளிக்காற்றுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, அதனால் வெளியிலிருந்து உள்ளே வரும் வெப்பமும் குறைகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். தினமும் தண்ணீர் கிடைக்கும் ஒட்டகத்துக்கு உடல் வெப்பம் இப்படி ஏறி இறங்குவதில்லை, இரண்டு டிகிரிக்குள்தான் மாறும். தட்டுப்பாடு வரும்போது மட்டும் அது இந்த முறைக்குப் போகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

முடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலில் ரோமம் சுமை என்று நமக்குத் தோன்றும். ஷ்மிட்-நீல்சன் ஒரு ஒட்டகத்தின் முடியை வெட்டிப் பார்த்தார். முடி வெட்டிய ஒட்டகம் மற்றதைவிட ஏறத்தாழ பாதிப் பங்கு அதிகமாகத் தண்ணீரை இழந்தது. வெயில் நேராக விழும் முடியின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டினாலும் கீழே தோல் 40 டிகிரி அளவில்தான் இருக்கும். கூரைமேல் போட்ட தென்னங்கீற்று செய்கிற வேலையை அது செய்கிறது.

அப்புறம் மூக்கு. ஒட்டகத்தின் மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய சவ்வுகள் நிறைய இருக்கின்றன. இரவில் குளிர்ந்த காற்று உள்ளே போகும்போது அவை குளிர்கின்றன. நுரையீரலிலிருந்து ஈரத்தோடு திரும்பும் காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் பட்டு ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறுகிறது. இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்குமே, அது மாதிரி. மூச்சில் வீணாகப் போக வேண்டிய ஈரத்தில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

இவ்வளவு செய்தும் நாளாக ஆகத் தண்ணீர் குறையத்தான் செய்யும். மனிதன் கடும் வெயிலில் உடல் எடையில் 10, 12 சதவீதம் தண்ணீர் இழந்தால் பிழைப்பது அரிது. நமக்கு முதலில் குறைவது ரத்தத்தின் நீர். ரத்தம் கெட்டியாகிறது, தோலுக்குப் போய்ச் சூட்டைக் கழிக்க இதயத்தால் அதைத் தள்ள முடியவில்லை, உள்சூடு திடீரென்று ஏறி ஆளைச் சாய்த்துவிடுகிறது. ஒட்டகம் எடையில் 25 சதவீதம் இழந்தும் நடக்கும். ஏனென்றால் அது இழப்பது பெரும்பாலும் திசுக்களிலும் குடலிலும் உள்ள நீர், ரத்தத்தின் நீரை அது கடைசிவரை காப்பாற்றுகிறது. விலா எலும்பு தெரிய வற்றிப்போய் வந்த ஒட்டகம் தண்ணீரைக் கண்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும், குடித்த கையோடு வயிறும் விலாவும் நிரம்பி வருவது கண்ணுக்கே தெரியும்.

இதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு விலங்கு அப்படிக் குடித்தால் ரத்தம் திடீரென நீர்த்து, சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். தாகத்தில் தவித்த கன்றுக்குட்டிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் காட்டினால் சில நேரம் சிறுநீர் சிவப்பாகப் போகும், வெடித்த அணுக்களின் நிறம்தான் அது. ஒட்டகத்தின் சிவப்பணு மட்டும் பாலூட்டிகளில் விதிவிலக்காக நீள்வட்ட வடிவம், இரண்டு மடங்குக்கு மேல் வீங்கினாலும் வெடிக்காது. உங்கள் செம்மறியின் சிவப்பணு வட்டமானது, மிகச் சிறியது, எளிதில் உடைவது. எத்தனை மாதம் பழக்கினாலும் அதன் வடிவம் மாறப்போவதில்லை. இந்த ஓர் எடுத்துக்காட்டே உங்கள் கேள்விக்குப் போதும் என்று நினைக்கிறேன். ஒட்டகம் பழகவில்லை, ஒட்டகமாகவே பிறக்கிறது. எண்ணற்ற தலைமுறைகளாகத் தாங்காதவை மடிந்து தாங்கியவை மட்டும் குட்டி போட்டதில் வந்து சேர்ந்த உடல் அது. ஒரு விலங்கு தன் ஆயுளில் பட்ட கஷ்டத்தால் வருவது அன்று.

ஒட்டகம் பெரிய விலங்கு. அதனால் சூடேற நேரமாகும், இரவு வரை சமாளிக்க முடியும். சின்ன உயிர்களுக்கு அந்த வசதி கிடையாது. பெரிய அண்டாவில் உள்ள தண்ணீர் சூடாக நேரமாகும், டம்ளரில் உள்ளது சட்டென்று கொதித்துவிடும் இல்லையா? நூறு கிராம் எடையுள்ள எலி பாலைவன வெயிலில் நின்று வியர்த்துக் குளிர வேண்டுமானால் மணிக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும். ஆகவே அது வெயிலில் நிற்பதே இல்லை.

அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பாலைவனங்களில் கங்காரு எலி என்று ஒன்று இருக்கிறது. பின்னங்காலால் தத்தித் தத்திப் போகும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் உலர்ந்த விதையைத் தின்றே அதனால் வாழ முடியும். இதற்கும் ஷ்மிட்-நீல்சன் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், மளிகைக் கடை வரவு செலவு நோட்டு மாதிரி இருக்கும் அது. கங்காரு எலி ஏறத்தாழ ஒரு மாதத்தில் 100 கிராம் பார்லி தின்கிறது. அந்தத் தானியம் உடலில் எரியும்போது உண்டாகும் தண்ணீர் 54 கிராம். தானியத்தில் ஏற்கெனவே இருந்த ஈரம் 6 கிராம். ஆக வரவு 60. செலவில் மூச்சிலும் தோலிலும் ஆவியாவது 43.9, சிறுநீர் 13.5, புழுக்கையில் 2.6. கூட்டிப் பாருங்கள், சரியாக 60 வரும். கடனும் இல்லை, மிச்சமும் இல்லை.

ஆனால் காற்று மிக வறண்டுபோனால் இந்தக் கணக்கு உதைக்கும், மூச்சில் போகும் ஈரம் கூடிவிடும். அங்கேதான் வளை உதவுகிறது. மேலே மணல் 60, 70 டிகிரி கொதிக்கும்போது அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 டிகிரி அளவில்தான் இருக்கும். பகலில் எலி வளைவாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே படுக்கிறது. அது விடும் மூச்சின் ஈரம் வளைக்குள்ளேயே தங்குகிறது, சேர்த்து வைத்த விதைகளும் அந்த ஈரத்தில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கின்றன, அதையே அது திரும்பத் தின்கிறது. வியர்வைச் சுரப்பிகளின் செலவும் அதற்கு இல்லை. விட்ட மூச்சைக்கூட வீணாக்காத பிராணி!

நம்மூர்க் காட்டில் வெள்ளெலி பார்த்திருப்பீர்கள். நிலக்கடலைக் காட்டு வரப்பில் வளை போடும், பகலில் தலைகாட்டாது. அதே இனம்தான் ராஜஸ்தானத்துத் தார் பாலைவனத்திலும் வாழ்கிறது. பகலில் மண்ணுக்குள் இருக்கும் பழக்கம் ஓமலூரிலும் பயன்படுகிறது, ஜெய்சல்மேரிலும் பயன்படுகிறது.

சிறுநீரகம் இன்னொரு அதிசயம். கழிவை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும், எவ்வளவு குறைந்த தண்ணீரில் கழிவைக் கரைத்து அனுப்ப முடிகிறது என்பதில்தான் திறமை. நம் சிறுநீரகம் ரத்தத்தைப் போல் 4 மடங்கு வரை செறிவான சிறுநீரைத் தரும். ஒட்டகம் ஏறத்தாழ 8 மடங்கு. கங்காரு எலி 14 மடங்குக்கு மேல். ஆஸ்திரேலியாவின் ஸ்பினிஃபெக்ஸ் தத்தெலி 25 மடங்கு வரை போகும், பாலூட்டிகளில் அதுதான் உச்சம். சிறுநீரகத்துக்குள் ஹென்லி வளைவு என்று கொண்டை ஊசி மாதிரி மடங்கிய நுண்குழாய்கள் உண்டு, இந்த விலங்குகளுக்கு அது மிக நீளம். எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத் தண்ணீரை இழுத்து மீட்க முடியும். நாம் கடல் தண்ணீர் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாகி இன்னும் வறண்டுபோவோம். கங்காரு எலிக்குச் சோயா விதையைத் தின்னக் கொடுத்துக் கழிவைக் கூட்டி, குடிக்கக் கடல்நீர் வைத்துப் பார்த்தார்கள். அது கடல்நீரைக் குடித்துப் பிழைத்தது.

பறவையும் பல்லியும் வேறு வழி கண்டன. உங்கள் வீட்டுச் சுவரில் பல்லி எச்சம் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக ஒரு துணுக்கு, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த வெள்ளைதான் பல்லியின் சிறுநீர். நாம் யூரியாவாகக் கரைத்து வெளியேற்றுவதை அது யூரிக் அமிலமாக மாற்றிக் கெட்டிப் பசையாக வெளியேற்றுகிறது, தண்ணீர் அநேகமாகச் செலவே இல்லை. காக்கை எச்சத்தின் வெள்ளையும் அதுவே. பாலைவனத்துக்கு என்று தனியாக வந்த குணம் இல்லை இது, எல்லாப் பல்லிக்கும் பறவைக்கும் உண்டு. பாலைவனத்தில் ஊர்வன இவ்வளவு செழிப்பதற்கு இது பெரிய காரணம். தவிர அவை உடலைச் சூடாக வைத்திருக்கத் தீனியை எரிப்பதும் இல்லை.

பறவைகளில் கல்கௌதாரியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களிலும் அதில் ஓரினம் உண்டு, மண் நிறத்தில் இருப்பதால் காலடியில் இருந்து பறக்கும் வரை தெரியாது. அது உலர்ந்த விதை தின்னும் பறவை, தினமும் தண்ணீர் வேண்டும், ஆனால் பகைக்குப் பயந்து குட்டைக்கு வெகு தொலைவில்தான் முட்டையிடும். குஞ்சால் பறக்க முடியாது. அப்பன் பறவை விடிந்ததும் 20, 30 கிலோமீட்டர்கூடப் பறந்துபோய்க் குட்டையில் இறங்கி வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொள்கிறது. அந்த இறகின் நுண்ணிழைகள் சுருண்டிருக்கும், நனைந்தால் விரிந்து பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்து நிமிர்ந்து நிற்கும், குஞ்சுகள் வயிற்றுக்கடியில் வந்து இறகைச் சப்பிக் குடிக்கும். 1896இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர் தான் வளர்த்த பறவைகளிடம் பார்த்து எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் டாம் கேடும் கார்டன் மக்லீனும் தென்னாப்பிரிக்கப் பகுதியின் பறவைகளை ஆராய்ந்து உறுதி செய்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமீப் பாலைவனத்தில் ஒரு கருவண்டு பனிமூட்டம் வரும் விடியற்காலையில் மணல் மேட்டு உச்சிக்கு ஏறித் தலைகீழாக நிற்கும். முதுகில் படிந்த பனி வழிந்து வாய்க்கு வரும். ஆஸ்திரேலியாவின் முள்பிசாசு என்ற பல்லிக்குச் செதில்களுக்கு நடுவே மயிரிழை வாய்க்கால்கள் உண்டு, ஈர மணலில் கால் வைத்தாலே தண்ணீர் தானாக வாய் வரை ஏறிவிடும். சகாராவின் வெள்ளி எறும்பு, தன்னைத் தின்னும் பல்லிகள் வெயிலுக்கு ஒதுங்கிய பிறகு, சில நிமிடம் மட்டும் வெளியே வந்து வெயிலில் மடிந்த பூச்சிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். முக்கோண வடிவ முடிகள் வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அதன் உடல் 53 டிகிரி வரை தாங்கும், அதற்கு மேல் ஒரு டிகிரி கூடினாலும் மரணம்தான்.

தவளையைக்கூடச் சொல்லலாம். ஏற்காட்டு அடிவாரத்தில் முதல் கோடை மழை பெய்த அன்று இரவு எங்கிருந்தோ தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். நேற்று வரை ஒரு தவளை கண்ணில் பட்டிருக்காது. மண்ணைத் தோண்டும் தவளைகள் அவை. பின்னங்காலில் மண்வெட்டி முனை போல ஒரு தடித்த மேடு உண்டு, அதால் பின்பக்கமாகவே தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கி, மழை வரும் வரை அசையாமல் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி ஒரு தவளை சிறுநீர்ப்பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, உரிந்த தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கும். அங்குள்ள பழங்குடி மக்கள் தாகத்துக்கு அதைத் தோண்டியெடுத்துப் பிழிந்து குடித்திருக்கிறார்கள்.

இந்தத் தவளைகளைச் சொல்லும்போது நம்மூர் நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழந்தமிழர் பாலை என்றது மணல் பாலைவனத்தை இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து வறண்டு கிடக்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். சேலத்தைச் சுற்றிச் சித்திரையில் பார்ப்பது அந்தப் பாலைதான். கஞ்சமலை காய்ந்து கிடக்கும், நகரமலையில் புல் கருகும், வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் ஆடி, ஐப்பசியில் மழை வந்துவிடும். இங்குள்ள விலங்குகள் சில மாத வறட்சியைக் கடக்கத் தெரிந்தவை, ஆண்டு முழுதும் வறண்ட நிலத்தில் வாழ அமைந்தவை இல்லை. சேர்வராயன் மலைக் காட்டுமாடு தண்ணீர் வற்றினால் இடம் பெயர்ந்து ஓடை தேடிப் போகும். அதன் வழி அது. உங்கள் செம்மறிக்கு அந்த உரிமையும் இல்லை, பட்டி எங்கேயோ அங்கேதான் அது நிற்க வேண்டும்.

மேச்சேரி ஆடு நல்ல ஆடு, அதில் சந்தேகம் வேண்டாம். பொட்டனேரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குட்டை முடி, இளம்பழுப்பு நிறம், காய்ந்த புல்லிலும் மேய்ந்து தேறும் உடல். சேலம் கருப்பு வெள்ளாடும் அப்படியே. ஆனால் "வெயில் தாங்கும்" என்பதும் "தண்ணீர் வேண்டாம்" என்பதும் வேறு வேறு. செம்மறி வியர்த்துக் குளிர்வதைவிட மூச்சிரைத்துத்தான் அதிகம் குளிர்கிறது. ஒவ்வோர் இரைப்பிலும் ஈரம் போகிறது. தண்ணீரைக் குறைத்தால் முதலில் தீனி குறையும், அசைபோடுவது குறையும், எடை விழும், பால் குறையும். கிடாய்களுக்கு, அதுவும் காயடித்தவற்றுக்கு, சிறுநீர் கெட்டியாகி மூத்திரக்கல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து வேறு. அடைத்துக்கொண்ட கிடாய் படும் பாட்டைப் பார்த்தவர் தண்ணீரைக் குறைக்க நினைக்கவே மாட்டார்.

"பழக்கம்" என்பதற்கும் உடலில் இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மனிதனே வெயிலுக்குப் பழகுகிறான், ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் உடல் மாறுகிறது. எப்படி மாறுகிறது தெரியுமா? வியர்வை சீக்கிரமாகத் தொடங்குகிறது, அதிகமாக வருகிறது, அதில் உப்பு குறைகிறது. அதாவது வெயிலுக்குப் பழகிய உடலுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும்! நான் பள்ளியில் படித்தபோது ஓட்டப் பயிற்சியில் நடுவே தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள், குடிக்காமல் பழகினால் உடம்பு இறுகும் என்பார்கள். ஒரு பங்குனி மாதம் என்னோடு ஓடிய பையன் வியர்வை நின்று, தோல் காய்ந்து, உளறிக்கொண்டே விழுந்தான். நல்லவேளை பிழைத்துக்கொண்டான். தாகத்தைப் பழக்க முடியும் என்ற எண்ணம் எங்கே தலைகாட்டினாலும் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும். ஆகவேதான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பாலைவனத்தில் பிறந்தவற்றுக்கே எல்லை இருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி. கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரின்னெல் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் எந்த இடத்தில் எந்தப் பறவை, எந்த எலி என்று குறித்து வைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவின்படி ஓர் இடத்துக்குச் சராசரியாக 43 சதவீதப் பறவை இனங்கள் காணாமல் போயிருந்தன. 2021இல் எலி போன்ற சிறு விலங்குகளின் கணக்கு வந்தது. அவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. வெயில் இருவருக்கும் ஒன்றுதான் கூடியது. பறவை வெட்டவெளியில் வாழ்கிறது, சூட்டைக் குறைக்க வாய் திறந்து ஈரத்தைச் செலவழிக்கிறது. சித்திரை மதியத்தில் நம் வீட்டு மதில்மேல் காக்கை அலகைப் பிளந்துகொண்டு நிற்குமே, அந்தச் செலவுதான். எலி பகலில் மண்ணுக்குள் போய்விட்டது.

உங்கள் பட்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த எலியின் வழியைத்தான். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், தண்ணீர் தேவைப்படும் நேரத்தைக் குறையுங்கள். விடிந்ததும் ஓட்டிப் பத்து மணிக்குள் திருப்புங்கள், மறுபடி நாலு மணிக்கு மேல் விடுங்கள். உச்சி வெயிலில் செம்மறிகள் ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு கூட்டமாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிழல் கேட்கிறது என்று அர்த்தம். புளியமரம், வேப்பமரம் எது கிடைத்தாலும் காற்றோட்டமாக அங்கே கட்டுங்கள், தகரக் கொட்டகைக்குள் அடைக்காதீர்கள். தகரம்தான் இருக்கிறது என்றால் மேலே தென்னங்கீற்றோ சோளத்தட்டோ கனமாகப் பரப்புங்கள், ஒட்டகத்தின் ரோமம் செய்யும் வேலையை அது செய்யும். தண்ணீர்த் தொட்டி வெயிலில் இருந்தால் பாதி ஆவியாகப் போகும், மீதி சுடும், சுடுதண்ணீரை ஆடு வேண்டிய அளவு குடிக்காது. தொட்டியை நிழலுக்கு மாற்றி, மேலே மூடி, குடிக்கிற அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். மதியத்தில் உலர்ந்த தட்டையைக் குறைத்து, அகத்தி, சூபாபுல், வேப்பந்தழை என்று பச்சையாக எது கிடைக்கிறதோ கொடுங்கள். பச்சைத் தழையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், போர்வெல் காற்று விடும் மாதத்தில் அதுவும் ஒரு குடம். வேப்பந்தழையை மட்டும் மற்றதோடு கலந்து அளவாகப் போடுங்கள். சந்தையில் வாங்கி லாரியில் வந்திறங்கும் ஆட்டுக்குத் தொட்டியை உடனே முழுதாகத் திறந்துவிடாமல், முதலில் கொஞ்சம், அரைமணி விட்டு இன்னும் கொஞ்சம் என்று காட்டுங்கள்.